என்கிரிப்ஷனுக்குப் பின்னும் திறந்திருக்கும் வழி

மீட்புக் குழுக்கள் பயன்படுத்தும் கையடக்க ரேடியோக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், ‘குழு முழுவதற்கும் ஒரே சாவி, பேச்சு முழுவதும் என்கிரிப்ட் ஆகிவிடும், சாவி இல்லாதவருக்குப் புரியாது’ என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. பேச்சு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பற்றி அந்தப் பதில் எதுவும் சொல்வதில்லை.

கோபுரமோ ரௌட்டரோ இல்லாத அட் ஹாக் வலையமைப்பில், நடமாடும் ஒவ்வொரு கருவியும் மற்றவர்களின் பாக்கெட்டுகளை, அதாவது பேச்சைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளை, கடத்துகிறது. ஒருவர் பேசுவதைக் குழுவினர் அனைவருக்கும் சேர்ப்பிக்கும் மல்ட்டிகாஸ்ட்டுக்காக 1999-இல் வெளிவந்த ஓ.டி.எம்.ஆர்.பி. என்ற நெறிமுறையில் (கருவிகள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பில்), அனுப்பும் கருவி குறிப்பிட்ட இடைவெளிகளில் ‘ஜாயின் குவெரி’ என்ற செய்தியைப் பரப்பும். ஒவ்வொரு கருவியும் முதலில் வந்த பிரதியை மட்டும் ஏற்று, அது யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு மேலே அனுப்பிவிட்டு, பின்னால் வருபவற்றைத் தள்ளிவிடும். உறுப்பினர்களின் பதில் அதே தடத்தில் திரும்பும்போது வழி அமைகிறது.

முதலில் வந்ததையே ஏற்கும் இந்த விதியில்தான் ஆபத்து இருக்கிறது. அலைகள் மோதாமலிருக்க ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு சிறு இடைவெளி பொறுத்தே மறுபடி அனுப்பும். பொறுக்காத கருவியின் பிரதி முந்திக்கொள்ளும்; வழியும் அதன் ஊடாகவே அமையும். 2003-இல் ஹு, பெரிக், ஜான்சன் ஆகியோர் இதை ‘ரஷிங்’ தாக்குதல் என்று விவரித்தனர்.

ஒரு மைதானத்தில் 12 கருவிகளை நீளவாக்கில் நிறுத்தி, நடுவில் இருந்த ஒன்றை மட்டும், வழிச் செய்திகளைக் காத்திராமல் கடத்தவும் பேச்சுப் பாக்கெட்டுகளை விழுங்கவும் மாற்றிவைத்தோம். அதனிடம் குழுச் சாவி இல்லை. மறுமுனையில் குரல் நின்றுபோனது. திரையிலோ வழி சரியாக இருப்பதாகவே காட்டியது. எதை மாற்றினோம் என்று அறியாத சக பொறியாளர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆன்டெனாவையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வைஃபையில் மல்ட்டிகாஸ்ட் பாக்கெட்டுக்குப் பெற்றவர் ஒப்புகை அனுப்புவதில்லை என்பதால், வேண்டுமென்றே விழுங்கப்பட்டதும் சிக்னல் குறைந்து தொலைந்ததும் வெளியே ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே வழிச் செய்திகளுக்கும் சரிபார்ப்பு வேண்டும். அட் ஹாக் வலையமைப்பில் வழி தேடும் மற்றொரு நெறிமுறையான ஏ.ஓ.டி.வி.-யை வரையறுத்த 2003-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3561 (ஆர்.எஃப்.சி. என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை), தனிப் பாதுகாப்பு எதையும் தான் வகுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சரிபார்ப்பு மதிப்பையும் நேரக் குறியையும் அட் ஹாக் செய்திகளுடன் இணைக்கும் வடிவத்தை 2014-இன் ஆர்.எஃப்.சி. 7182 தருகிறது. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் குழுச் சாவியாலேயே சரிபார்த்தால், செய்தி குழுவுக்குள்ளிருந்து வந்தது என்பது மட்டுமே உறுதியாகும். இடிபாடுகளில் தவறவிட்ட ஒரே கருவியைக் கொண்டு யாருடைய பெயரிலும் ஆணையிட்டுவிடலாம். பேட்டரி கூடுதலாகச் செலவானாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவியும் அதைக் கொண்டு இடும் டிஜிட்டல் கையொப்பமும் தேவை என்பதே என் கருத்து. குழுவுக்குள் இருக்கும் கருவியே முந்தினால் கையொப்பமும் தடுக்காது. சில குவெரிகள் சேரும்வரை பொறுத்து, அவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்வதே அப்போது உதவும்.

கருவி தொலைந்தால் குழுச் சாவியை உடனே மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் என்றால் உறுப்பினர்களைக் கிளை கிளையாகப் பிரித்துச் சாவி வழங்கும் மரவடிவச் சாவி அமைப்பு வேண்டியிருக்கும். 12 பேருக்குத் தனித்தனியே புதுச் சாவி அனுப்பினாலே போதும். எங்கள் சோதனைப் படிவத்தில் இப்போது முதலில் இருக்கும் கேள்வி இது: கருவி காணாமற்போனதாகச் சொன்ன நேரத்திலிருந்து, மற்றக் கருவிகள் அதன் பாக்கெட்டை ஏற்க மறுக்க எத்தனை நிமிடங்கள் ஆகும்?