சீல் வைத்தால் தேன் வெந்துவிடுமா?

பட்டர்வொர்த்தில் கெலுலுட் தேனை, அதாவது கொட்டாத சிறு தேனீக்களின் தேனை, பாட்டிலில் அடைத்து விற்கும் அக்கா ஒருவர், அரைக்கிலோ பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியைத் திருகினால், வாயில் ஒட்டியிருந்த அலுமினியத் தாள் பூரி போல உப்பியிருந்தது.

"தம்பி, அந்த இன்டக்ஷன் மெஷின் தேனைக் கொதிக்க வைத்துவிட்டது. பச்சைத் தேன் என்று எழுதிவிட்டு இப்படிச் சூடு காட்டலாமா என்று வாங்கினவர்கள் கேட்கிறார்கள்."

பினாங்கில் சிறுதொழில் செய்பவர்களுக்கு பேக்கிங் ஆலோசனை சொல்லிவரும் எனக்கு இது பழகிய கேள்வி. ஊறுகாய்க்காரர் சத்து போய்விடும் என்பார், எண்ணெய்க்காரர் மணம் போய்விடும் என்பார்.

மெஷினில் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மூடிக்குள் இருக்கும் அலுமினியத் தாளில் அது மின்சாரத்தைச் சுழலவிட, தாள் சூடாகிறது. அடியில் பூசிய பிளாஸ்டிக் உருகி பாட்டிலின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் ஓரிரு நொடி வேலை. மைக்ரோவேவ் அடுப்பைப் போல இது உணவில் உள்ள நீரைச் சூடாக்குவதில்லை.

அக்காவுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 38 மில்லிமீட்டர் அகலமும் 25 மைக்ரான் தடிமனும் கொண்ட அலுமினியத் தாளின் எடை 0.1 கிராமுக்கும் குறைவு. அதன் வெப்பநிலையை 150 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 10 ஜூல் ஆற்றல் போதும். அரைக்கிலோ தேனை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவோ ஆயிரம் ஜூலுக்கு மேல் வேண்டும். மூடிக்குள் தாளோடு இருக்கும் அட்டை, மெழுகு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அத்தனையும் தேனுக்குள் இறங்கினாலும் 0.1 டிகிரிகூட ஏறாது. நடுவில் காற்று இடைவெளி வேறு இருக்கிறது.

"அப்படியானால் ஏன் உப்பியது?"

"மெஷினிலிருந்து வந்தபோதே உப்பியிருந்ததா?"

"இல்லை, ஒரு வாரம் கழித்து."

அதுதான் விடை. சாதாரணத் தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். கெலுலுட் தேன் இயல்பாகவே அதைவிட நீர்த்தது. ஈஸ்ட் எளிதாக நொதிக்கவைத்து வாயுவை எழுப்பும். முன்பு வெறும் மூடியின் இடுக்கு வழியே அது கசிந்து போயிருக்கும். இப்போது சீல் காட்டிக்கொடுத்துவிட்டது. குறைந்த சூட்டில் ஈரத்தை இறக்க வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் வைத்து விற்க வேண்டும்.

சீல் சூட்டால் கெடுதலே இல்லை என்று சொல்லமாட்டேன். சரியாக ஒட்டவில்லையே என்று அதே பாட்டிலை இரண்டு மூன்று முறை மெஷினில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டை கருகும், விளிம்பு வளையும், அந்தத் தீய்ந்த வாசனை உணவில் ஏறும். பல நேரம் குற்றம் விளிம்பில் படிந்த எண்ணெய் அல்லது தேன் பிசுக்கினுடையது. துடைத்தால் ஒரே தடவையில் ஒட்டும். ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவியம் அடைப்பவர்கள் மட்டும் தனியாக விசாரியுங்கள். அங்கே பயப்பட வேண்டியது தீப்பற்றும் ஆவிக்கு.

தேனை உண்மையில் கெடுப்பது நீண்ட நேரச் சூடு. சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்எம்எஃப் என்ற பொருள் அதில்தான் கூடுகிறது. வெப்பமண்டலத் தேனுக்கு கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை கோடெக்ஸ் அனுமதிக்கிறது, மற்றவற்றுக்கு 40தான்.

"மீதிப் பாட்டில்கள் எங்கே, அக்கா?" என்று கேட்டேன்.

மணி பன்னிரண்டரை. அவர் பதில் சொல்லாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.