‘ஹார்ட் மாத்திரை’ன்னு சொன்னா பத்தாதுங்க

போன மழைக்காலத்துல ஏற்காட்டுல இருந்து ஒரு அம்மா எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, காப்பி எஸ்டேட்ல வேலை, அறுபது தாண்டின வயசு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க. 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ல இறங்கி வந்த தலைசுத்தலோட முழங்கைக்கு மேல காட்டுனாங்க, உள்ளங்கை அகலத்துக்கு கருநீலமா கன்னிப்போயிருக்கு. "எங்கயும் இடிச்சுக்கல சாமி"ங்கறாங்க. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கற டெஸ்ட், கூடினா ரத்தம் லேசுல உறையாது) எடுத்துப் பாத்தா 6க்கு மேல! அவங்களுக்கு 2ல இருந்து 3க்குள்ள இருக்கணும்.

அவங்களுக்கு வால்வு சுருக்கம், அதோட நாடி தாறுமாறா ஓடும். அப்படி ஓடும்போது இதயத்தோட மேலறை ஒழுங்கா சுருங்காம நடுங்கிட்டே இருக்கும், ரத்தம் தேங்கி கட்டியாகி அது மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். அதத் தடுக்கத்தான் வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை. அவங்க அத ஒரு நாள் கூட விடல, தப்பு வேற இடத்துல. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், வயித்தால போனதுக்கு மெட்ரோனிடசோல், ரெண்டும் மெடிக்கல்ல கேட்டு வாங்கியிருக்காங்க. முதல்து ரத்தக்கசிவ கிளப்பும், ரெண்டாவது ஐஎன்ஆர கண்டபடி ஏத்தும். கடையில கேட்டதுக்கு "ஹார்ட் மாத்திரை சாப்பிடறேன்"னு சொன்னாங்களாம். பிரஷர் மாத்திரையும் ஹார்ட் மாத்திரைதானே, கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ‘ரத்தம் உறையாம இருக்க மாத்திரை’ன்னு சொல்லுங்க, இல்ல மாத்திரை அட்டையவே நீட்டுங்க, பல்லு புடுங்கப் போனாலும் ஊசி போடப் போனாலும் இதே கதைதான். வலிக்கு பாராசிட்டமால் பரவால்ல, அதுவும் நாள் கணக்குல போடறதா இருந்தா கேட்டுட்டுப் போடுங்க.

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடறவங்களுக்கு கீரையே ஆகாதுன்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க, சேலம் அம்மாபேட்டைல ஒரு தறிக்கார அண்ணன் முருங்கைக்கீரைய வருஷக்கணக்கா தொடவே இல்லையாம், பாவம். வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடறவரா, எப்பவும் ரெண்டு நாள் சாப்பிடுங்க, திடீர்னு கூட்டறதும் குறைக்கறதும்தான் ஐஎன்ஆர ஆட்டி வைக்குது.

ரத்தம் உறையாம இருக்க புதுசா வந்த மாத்திரைங்களுக்கு ஐஎன்ஆர் பாக்க வேண்டாம், ஆனா கிட்னி டெஸ்ட் அப்பப்ப வேணும். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் சாப்பாட்டோட போடணும், வெறும் வயித்துல போட்டா சரியா சேராது. அபிக்ஸபான் ரெண்டு வேளை. டாபிகட்ரான் கேப்ஸ்யூல பிரிச்சு தண்ணில கரைக்கவே கூடாது. செயற்கை உலோக வால்வு வச்சவங்களும் இந்த அம்மா மாதிரி வால்வு சுருங்கினவங்களும் பக்கத்து வீட்டுக்காரரப் பாத்து புதுசுக்கு மாறாதீங்க, உங்களுக்கு பழைய வார்ஃபரின், அசிட்ரோம்தான். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா முழுங்காதீங்க. ஊருக்குப் போனேன், மாத்திரை தீந்துடுச்சுன்னு நிறுத்தறவங்கள பாத்தாதான் எனக்கு பயமே.

மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, தலையில அடிபட்டாலோ காயமே இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு பக்கம் கை விழுந்தா 108. மலைல இருக்கறவங்க விடியட்டும்னு காத்திருக்காதீங்க, இறங்கி வர்ற நேரமும் கணக்குல சேரும்.

அந்த அம்மாவுக்கு ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்தி (நாங்க சொல்லித்தான், நீங்களா நிறுத்தாதீங்க) மறுபடி பாத்ததுல இறங்கிடுச்சு. இப்ப சுருக்குப்பைல சில்லறையோட அட்டையும் இருக்கு. போன மாசம் பல்லு டாக்டர்கிட்ட வாயத் திறக்கறதுக்கு முன்னாடி அததான் எடுத்து நீட்டுனாங்களாம்.