புதையல் கதையில் எதைக் குறித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பழைய பேச்சு உண்டு. வால்டன்-லீ-டேலில், ரிபிள் ஆற்றின் தென்கரையில் நின்று ரிப்செஸ்டர் பக்கம் பார்த்தால் நாட்டிலேயே பெரிய புதையல் கண்ணெதிரே கிடக்குமாம். 1840-இல், அந்தத் திசையிலேயே உள்ள குவர்டேலில், ஆற்றங்கரையைச் செப்பனிட்ட கூலியாட்களுக்கு வைக்கிங் காலத்து வெள்ளி கிடைத்தது. காசுகளும் கட்டிகளுமாக 8,600-க்கும் மேல். பேச்சு பொய்யில்லை. ஆனால் அதில் நிற்கும் இடமும் திசையும் இருந்தனவே தவிர, தூரம் இல்லை. அப்படிப்பட்ட குறிப்பை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு போடலாம். புள்ளி வைக்க முடியாது.

கதையைக் கேட்டதும் அதை இரண்டாகப் பிரியுங்கள். தங்கத் தொட்டில், காவல் பாம்பு, சுரங்கப்பாதை, இரவில் நடமாடும் அரசன் எல்லாம் ஊர் ஊராக அலையும் சரக்கு. அவற்றை ஓரமாக வைத்துவிடலாம். கதைக்குத் தேவையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் விவரம்தான் நமக்கு வேண்டும்: பாதை எங்கே திரும்புகிறது, எந்த மேட்டில் ஏர் கல்லில் இடறும், எந்த வயலுக்கு மட்டும் வேறு பெயர்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "அங்கே புதையல் இருக்கிறதாமே?" என்று ஆரம்பித்தால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "அந்த மேட்டைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஆள் தனியாக உட்கார்ந்து, சொன்ன சொல்லிலேயே எழுதி, யாரிடம் கேட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே ஆசிரியரிடம் கேட்டவர்கள் என்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. கதை எப்போது எழுத்தில் ஏறியது என்பதும் முக்கியம். வேல்ஸில் மோல்ட் ஊருக்கு அருகே, 1833-இல் வெண்கலக் காலத் தங்க மேலாடை கிடைத்த மேட்டில், பொன்னிற உருவம் ஒன்று உலவியதாகச் சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் பதிவானது தங்கம் வெளியே வந்த பிறகு.

அளவுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஐரிஷ் மைல் 2,240 கெஜம், இன்றைய மைல் 1,760. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும்போது குறைந்தது நான்கு நிலையான புள்ளிகள், அவையும் நான்கு மூலைகளுக்கும் பரவலாக, வேண்டும். கல்பாலமும் கோபுரமும் சரிப்படும். ஆற்றுக்கரை சரிப்படாது, இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

நிலத்தில் இறங்குவதற்கு முன் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்றால் அவர் அனுமதித்தாலும் டிடெக்டரோடு, அதாவது உலோகம் கண்டறியும் கருவியோடு, போகக் கூடாது. முதலில் கருவி இல்லாமல், உழுது மழை பெய்த பிறகு நடந்து பாருங்கள். ஓட்டுச்சில்லுகள் எங்கே அடர்கின்றனவோ அங்கே மனித நடமாட்டம் இருந்திருக்கிறது. பிறகு டிடெக்டர். அதன் அடியிலுள்ள காயிலை (உலோகத்தை உணரும் தட்டு) தரைக்கு இணையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி மெதுவாக வீச வேண்டும். வீச்சின் முனையில் கை தானாக மேலே தூக்கும். கருவி எட்டும் ஆழம் அங்கேதான் குறைந்துவிடுகிறது. குப்பைச் சத்தம் பொறுக்காமல் டிஸ்கிரிமினேஷனை (சில உலோகங்களின் சத்தத்தை வடிகட்டும் அமைப்பு) ஏற்றிவிடுவது பரவலான தவறு. அலுமினியத் தாளோடு சேர்ந்து மெல்லிய தங்கமும் மௌனமாகிவிடும். இரும்பாணிகளின் சத்தம் எரிச்சலாக இருந்தாலும் குடியிருப்பின் அடையாளம் அதுதான்.

11 அங்குலக் காயிலுக்கு நாணய அளவுப் பொருள் 20 முதல் 25 செ.மீ. வரை எட்டும். உழவு மண்ணும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குக் கீழே சிக்னல் தொடர்ந்தாலோ, பல பொருள்கள் சேர்ந்து கிடந்தாலோ மண்வெட்டியைக் கீழே வையுங்கள். எது எதன் மேல் கிடந்தது என்பதைத் தோண்டியபின் மீட்க வழியில்லை. மோல்டில் ஆட்கள் தங்கத்தைத் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். உடனிருந்த அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) மணிகள் பெரும்பாலும் தொலைந்தன.

எடுத்த பொருளை அளவுகோலோடு படம் பிடித்து, ஜிபிஎஸ் இடத்தையும் இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து டேப்பால் அளந்த தூரத்தையும் எழுதுங்கள். கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். ஈரமான மரமும் தோலும் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தோடு பையில் கட்டுங்கள். இங்கிலாந்தில் புதையல் என்று தெரிந்தால் 14 நாளில் கொரோனருக்கு (மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

போர் நடந்ததாகக் கதை சொல்லும் இடத்தில் துருப்பிடித்த உருளையோ கூம்போ தென்பட்டால் தொடாதீர்கள், சுற்றித் தோண்டவும் வேண்டாம். வெடிக்காத குண்டு எத்தனை ஆண்டானாலும் வெடிக்கக்கூடும். இடத்தை அடையாளமிட்டு, வந்த வழியே திரும்பி வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள்.