மேலதிகாரியின் திரையில் ஒரு ஃபோன் நம்பர்

1970-களில் பெரிய கம்பெனிகளின் தலைவர்களுக்குக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டுகள் கட்டுக்கட்டாக வந்தன. கேட்ட கேள்விக்குப் பதில்தான் அவற்றில் சிக்காது, சிக்கினாலும் பழசாகியிருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சி-130 ஹெர்குலிஸ் விமானங்களைக் கட்டிய லாக்ஹீட்-ஜார்ஜியா நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் ஆர்ம்ஸ்பி இதற்கு ஒரு வழி கேட்டார். 1978-ல் அங்கே 'மிட்ஸ்' என்ற கம்ப்யூட்டர் தகவல் அமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். உயரதிகாரிகளுக்கான தகவல் அமைப்பு என்றாலே இன்றும் முதலில் சொல்லப்படும் உதாரணம் அதுதான்.

அது எப்படி வேலை செய்தது? விற்பனை, உற்பத்தி, ஆள்பலம் என்று சிதறிக் கிடந்த கணக்குகளை ஒரு சிறு குழு திரட்டிச் சுருக்கித் திரைகளாக, அதாவது கம்ப்யூட்டரில் பார்க்கும் பக்கங்களாக ஆக்கியது. ஒவ்வொரு திரையின் உச்சியிலும் தலைப்பும், கடைசியாகப் புதுப்பித்த தேதியும் இருக்கும். மேலே சுருக்கமான வரைபடம், கீழே விவரம். நிலைமை நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அப்புறம், அந்தத் தகவலைக் கொடுத்தவரின் பெயரும் ஃபோன் நம்பரும். என்னைக் கேட்டால், வண்ணங்களைவிட இதுதான் பெரிய விஷயம். எண் சிவப்பாகிவிட்டது என்பதைத் திரை சொல்லிவிடும். ஏன் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

முதல் ஆறு மாதத்தில் ஆர்ம்ஸ்பிக்காகத் தயாரானவை வெறும் 31 திரைகள். 1980-களின் நடுவில் அவை 700-ஐத் தாண்டின. 30 உயரதிகாரிகளும் 40 மேலாளர்களும் பயன்படுத்தினார்கள். தலைவரே தினமும் பார்க்கிறார் என்றால், அவருக்குக் கீழே இருப்பவர் பார்க்காமல் கூட்டத்துக்குப் போக முடியுமா? யாரும் உத்தரவு போட்டுப் பரப்ப வேண்டியிருக்கவில்லை. தலைவர் தொட்டே பார்க்காத அமைப்பு, எவ்வளவு பணம் கொட்டினாலும் கீழே இறங்காது.

பல இடங்களில் இப்படிப்பட்ட அமைப்பு முட்டி நிற்பது இடைநிலை மேலாளர்களிடம். கெட்ட சேதியைச் சரிசெய்துவிட்டு மேலே சொல்லலாம் என்று வைத்திருந்த இரண்டு நாள் அவகாசம் பறிபோகிறது. நியாயமான பயம்தான் அது. அதற்குப் பயந்து எண்களைத் தாமதமாகவோ மெருகேற்றியோ அனுப்பினால் தலைவர் பார்ப்பது பொய்க்கணக்கு. அதனால்தான் எண்ணோடு சேர்த்து விளக்கக் குறிப்புக்கும் திரையிலேயே இடம் விட வேண்டும். மிட்ஸில் அந்த இடம் இருந்தது.