ஹோவிட்சர் ‘குறும்பீரங்கி’ ஆகுமா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கைப்பற்றிய சோவியத் பீரங்கிகளின் படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவோர் ‘ஹோவிட்சர்’ என்ற பீரங்கி வகையைக் ‘குறும்பீரங்கி’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். பலமுறை கண்டும் காணாமல் இருந்தேன். ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள எம்.எல்.-20 என்ற சோவியத் ஹோவிட்சர் நிற்கும் படத்தின் அடியிலும் அதே சொல்லைக் கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செக் மொழியில் ‘ஹௌஃப்’ என்றால் கூட்டம். 1420களில் செக் நாட்டில் நடந்த ஹுஸ்ஸைட் சமயப் போர்களில் எதிரிக் கூட்டத்தை நோக்கிச் சுட்ட பீரங்கி ‘ஹௌஃப்னிட்சே’ எனப்பட்டது. அதுவே ஜெர்மனில் ‘ஹாவ்பிட்சே’ என்றும், ரஷ்யத்தில் ‘காவுபித்சா’ என்றும் திரிந்தது. வேரில் கூட்டம்தான் இருக்கிறது, குறுமை இல்லை.

குழல் குட்டையானது என்பதே கருத்தென்றால் ‘குறுங்குழல் பீரங்கி’ என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ‘குறும்பீரங்கி’ என்றால் படிப்பவர் படத்தில் சிறிய பீரங்கியைத் தேடுவார். குறுங்குழலும் முழுக்கச் சரியன்று. 152 மி.மீ. எம்.எல்.-20இன் குழல் நான்கு மீட்டரைத் தாண்டும். குண்டை விரைவாகவும் ஏறத்தாழ நேராகவும் செலுத்தும் ‘கானன்’ வகையைச் சேர்ந்த 76 மி.மீ. எஃப்-22 என்ற சோவியத் பீரங்கியின் குழலோ நான்கு மீட்டரை எட்டாது. குழல் விட்டத்தோடு ஒப்பிட்டால் எஃப்-22 ஏறத்தாழ 51 மடங்கும் எம்.எல்.-20 ஏறத்தாழ 29 மடங்கும் நீளம் என்பதால்தான் பின்னது குட்டையாகக் கருதப்படுகிறது; ஒற்றைப் பெயரடை இந்தக் கணக்கை உணர்த்தாது.

ஹோவிட்சருக்கு ‘உயர்கோணப் பீரங்கி’ என்ற ஆக்கத்துக்கும் இதே எஃப்-22 எதிர்ச்சான்று: கானனாக இருந்தும் அது 75 பாகை வரை நிமிரும். எம்.எல்.-20உம் 122 மி.மீ. கானனான ஏ-19உம் ஒரே வகைப் பீரங்கி வண்டியில் அமைந்தவை, ஆகவே இரண்டும் 65 பாகை வரை நிமிர்கின்றன. படத்தில் இவற்றைப் பிரித்தறிய வண்டியைப் பார்த்துப் பயனில்லை. குழல் முனையில் பின்னுதைப்பைத் தணிக்கும் பருத்த, வரிசையாகத் துளையிட்ட தடுப்பு இருந்தால் எம்.எல்.-20, நீண்டு வெறுமையாக முடிந்தால் ஏ-19.

ஹோவிட்சரின் உண்மையான இயல்பு வேறு. வெடிமருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், குண்டு செல்லும் வளைவைத் தேவைக்கேற்ப மாற்றி, மேட்டுக்கு அப்பாலுள்ள இலக்கின்மேல் விழச்செய்வதே அது, எம்.எல்.-20க்கு இவ்வாறு 13 அளவுகள் இருந்தன. ஆகவே ‘வளைவீச்சுப் பீரங்கி’ என்பதே என் தேர்வு. கானன் குண்டும் வளைந்துதானே செல்கிறது என்பார்கள்; செல்கிறது, ஆனால் வளைவை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி கானனுக்கு இல்லை. ‘தெறோச்சி’ என்றும் ஓர் ஆக்கம் உலவுகிறது, அருகில் விளக்கம் இல்லாவிட்டால் எவருக்கும் விளங்காது. ‘ஹோவிட்சர்’ அயற்சொல் என்று முகம் சுளிப்பவர்கள், ‘பீரங்கி’யே ‘ஃபிரங்கி’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மானியர் எம்.எல்.-20ஐக் கைப்பற்றியபோது கானனும் ஹோவிட்சரும் சேர்ந்தது என்று பொருள்படும் ‘கானோனென்ஹாவ்பிட்சே’ என்றே பதிந்து, 433/1 என எண்ணும் கொடுத்தார்கள். எதிரியின் ஆயுதத்துக்குப் பெயரிடுவதில் அவர்கள் காட்டிய கவனம் படக்குறிப்பு எழுதுவோரிடம் இல்லை. டாங்கி எதிர்ப்புக்காக ஜெர்மானியர் மாற்றியமைத்த எஃப்-22இன் குழல் முனையிலும் பெரும்பாலும் தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பை மட்டும் கண்டு, கானனான எஃப்-22ஐயும் ‘குறும்பீரங்கி’ என்று எழுதிவிடுகிறார்கள்.