உடைவதற்கென்றே ஒரு சுவர்

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மகன் இருப்பது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில், ஃபோர்ட் மையர்ஸ் பீச் என்ற ஊரில். 2022 செப்டம்பர் 28 அன்று கரையேறிய இயன் புயலில் வீடு போய்விட்டது. இப்போதுதான் திரும்பக் கட்டுகிறார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்: "கீழ்த்தளச் சுவர், அலை வந்து மோதினால் உடைந்து விழும்படி இருக்க வேண்டுமாம். அதற்குச் சட்டமே இருக்கிறதாம். ஆனால் கூரைக்குள் ஏறி ஒவ்வொரு ஆணியையும் எண்ணி போட்டோ எடுக்கிறார்களாம். சுவர் போனால் போகட்டும், ஆணி போகக் கூடாது என்பது என்ன சாஸ்திரம் ஐயா?"

நல்ல சாஸ்திரம்தான் ஐயா. இரண்டு சாஸ்திரங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

பழைய வீட்டையே பழுது பார்க்கக் கூடாதா என்றால், அங்கே ஒரு விதி இருக்கிறது. வெள்ள அபாயப் பகுதியில், பழுது பார்க்கும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் (மனையைச் சேர்க்காமல்) 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், வீடு முழுவதும் இன்றைய விதிக்கு வந்தாக வேண்டும். கடலோரத்தில் அதற்குப் பொருள், வீட்டைத் தூண்கள்மேல் தூக்கி வைப்பது. தரையோடு தரையாகக் கிடந்த பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் இடித்துக் கட்டுவதே வழி.

முதலில் தண்ணீர்க் கதை. பதினோராம் வகுப்புக் கணக்குதான்: பாய்ந்து வரும் ஒன்று சுவரில் மோதித் தரும் அழுத்தம், அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. அதே அளவு கடல்நீர் 1,025 கிலோ. நொடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பையன் மெல்ல ஓடும் வேகத்தில், தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறத்தாழ 470 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழும். இதே அழுத்தத்தைக் காற்று தர வேண்டுமென்றால் அது மணிக்கு 310 கிலோமீட்டருக்கு மேல் வீச வேண்டும். இயன் கரையேறியபோது அதன் காற்று மணிக்கு 240 கிலோமீட்டர். ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி வரை ஏறி வந்தது, அதன் முதுகில் அலைகள் வேறு.

இந்த ஆளோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, வழி விட வேண்டும். வீட்டின் முதல் தளத்தை எதிர்பார்க்கும் வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுகிறார்கள். கீழே வண்டி நிறுத்தலாம், தட்டுமுட்டுச் சாமான் போடலாம், மாடிப்படி வைக்கலாம். குடியிருக்கக் கூடாது. அந்த இடத்தைச் சுற்றி மறைப்புச் சுவர் வேண்டுமென்றால், அது சதுர மீட்டருக்குச் சுமார் 50 முதல் 100 கிலோ வரையிலான சுமைக்குத்தான் வடிவமைக்கப்பட வேண்டும். அதைவிட வலுவாக இருந்தால்தான் ஆபத்து. தண்ணீர் தள்ளும் தள்ளலையெல்லாம் அந்தச் சுவர் வாங்கித் தூண்களிடம் ஒப்படைக்கும். தூண் சாய்ந்தால் மேலே இருக்கும் வீடும் சேர்ந்து சாயும். சுவர் சட்டென்று கழன்று போனால், தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து தன்பாட்டுக்குப் போய்விடும். வீட்டைக் காப்பாற்ற முதலில் களத்தில் விழ வேண்டியவன் அவன். நன்றாக விழத் தெரிந்தவன்தான் நல்ல சுவர்.

தூண் ஏன் அவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு வேளாங்கண்ணிக் கரையில் கால் நனைத்த எல்லோருக்கும் விடை தெரியும். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவிக் குறுகுறுக்குமே, அதேதான். உங்கள் காலைச் சுற்றிப் போகும் தண்ணீர் சுழன்று மண்ணைத் தோண்டுகிறது. புயலில் இது மணிக்கணக்காக நடக்கிறது. ஆழமில்லாத அஸ்திவாரத்துக்கு அடியில் கொஞ்ச நேரத்தில் நிற்க மண்ணே இருக்காது. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் மெக்சிகோ பீச் என்ற ஃப்ளோரிடா ஊரை வழித்தெடுத்தபோது, ஒரே ஒரு வீடு ஏறக்குறைய முழுசாக நின்ற புகைப்படம் உலகம் சுற்றியதே, நினைவிருக்கிறதா? 40 அடி ஆழத் தூண்கள், மணிக்கு 250 மைல் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு. அந்த வீடும் வெளிப் படிக்கட்டையும் கீழ்த்தள மறைப்புகளையும் இழந்தது. இழப்பதற்கென்றே வைத்தவை அவை.

தண்ணீரை விடுவோம். எனக்குப் பிடித்தது காற்று.

காற்று கூரையைத் தள்ளிக் கவிழ்க்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கூரையை உறிஞ்சி மேலே எடுக்கிறது. வேகமாக வரும் காற்றால் கூரையின் கூர்மையான விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாது. விளிம்பில் மோதி, மேலே தாவி, கூரையை விட்டுப் பிரிந்துபோகிறது. பிரிந்த காற்றுக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தம் குறைந்த ஒரு பை உண்டாகிறது. காற்று மூலைப் பக்கமாகச் சாய்வாக வரும்போது இன்னும் வேடிக்கை: மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளை ஒட்டி இரண்டு சுழல்கள், கூம்பு வடிவில், படுத்த வாக்கில் முறுக்கிக்கொண்டு ஓடும். சுழலின் நடுவில் அழுத்தம் அடிமட்டத்துக்குப் போய்விடும். கான்கார்டு விமானத்தின் முக்கோண இறக்கை மெதுவாகப் பறக்கும்போதும் வானில் நின்றது இதே மாதிரிச் சுழல்களின் தயவால். விமானத்துக்கு இதைச் செய்யத் தலைசிறந்த பொறியாளர்கள் வேண்டியிருந்தது. நாம் தட்டையான கூரை ஒன்றைப் போட்டால் காற்று இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றின் அடிப்படை அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 280 கிலோ. மூலையில் உறிஞ்சல் இதைப்போல் இரண்டரை மூன்று மடங்குவரை போகும். 700 கிலோ என்றே வையுங்கள். அங்கே வழக்கமான மரக்கூரையின் எடை ஓடு, பலகை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 70 கிலோவைச் சுற்றி இருக்கும். ஆகவே கூரை தன் எடையால் உட்கார்ந்திருக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை, கட்டிப்போட்டால்தான் இருக்கும். மூலையிலும் ஓரத்திலும் ஆணியை நெருக்கி அடிப்பதும், இரு பக்கச் சரிவைவிட நாலு பக்கமும் சரியும் கூரையை விரும்புவதும் இதனால்தான்.

இப்போது ஒரு ஜன்னல் உடைகிறது.

நம் வீடுகளில் அரிக்கேன் விளக்கு என்று ஒன்று இருந்தது. கண்ணாடி முழுசாக இருக்கும்வரை வயல் வரப்பில் காற்றோடு நடந்தாலும் சுடர் அசையாது. கண்ணாடியில் ஒரு சில்லு போனால் தீர்ந்தது. ஹரிக்கேன் வீடும் அப்படித்தான். காற்று வரும் பக்கத்து ஜன்னலோ, அதைவிட மோசமாக கார் நிறுத்தும் கூடத்தின் பெரிய கதவோ போய்விட்டால், காற்று உள்ளே அடைபடுகிறது. அமெரிக்க விதிநூல் இதை இரண்டே எண்களில் சொல்கிறது: மூடிய வீட்டுக்குள் அழுத்தக் குணகம் (காற்றின் அடிப்படை அழுத்தத்தில் எத்தனை பங்கு உள்ளே சேர்கிறது என்பது) 0.18, ஒரு பக்கம் திறந்துகொண்ட வீட்டுக்குள் 0.55. மூன்று மடங்கு. நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 50 கிலோ 154 கிலோ ஆகிறது. 150 சதுர மீட்டர் கூரை என்றால், ஒரு ஜன்னல் உடைந்த குற்றத்துக்காகக் கூடுதலாக 15 டன்னுக்கு மேல் உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. வெளியே ஏற்கெனவே ஒருவன் மேலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறக்க வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, சொல்லாமல் விட மனம் வரவில்லை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கும் அல்லவா? பாட்டில் கழுத்தில் இருக்கும் காற்று ஒரு கட்டியாக முன்னும் பின்னும் ஆட, உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் திருப்பித் தள்ளுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்பது இதன் பெயர். ஜன்னல் திடீரென்று உடைந்த வீடு ஒரு பெரிய பாட்டில். வாசலில் இருக்கும் காற்றுக்கட்டி வேகத்தோடு உள்ளே பாய்ந்து, நிற்க வேண்டிய அளவைத் தாண்டி அமுக்கி, திரும்பி, மறுபடி அமுக்கும். மேலே சொன்ன அழுத்தம் சீராக ஏறி நிற்காமல், ஒரு கணம் அதையும் மீறித் துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் கூரை கழன்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வீட்டையே புல்லாங்குழலாக்கி வாசிக்கும் புயல் என்று ஒரு கவிஞர் எழுதியிருந்தால் நாம் மிகை என்போம்.

இதனால்தான் ஒரு நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புயல் வரும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும், வீடு வெடிக்காது என்று அமெரிக்காவில் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். 'காத்துக்கு வழி விடு' என்று கதவைத் திறந்து வைத்த என் அத்தையும் அதே பள்ளிதான். முட்டாள்தனம் என்று தள்ளவும் முடியாது. புயலின் நடுவில் அழுத்தம் 940 மில்லிபார் அளவுக்கு இறங்கினால், வழக்கமான 1,013-லிருந்து அது 70 மில்லிபாருக்கு மேல் குறைவு. வீடு முற்றிலும் காற்றுப் புகாத டப்பாவாக இருந்தால் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் உள்ளிருந்து தள்ளும். ஆனால் அந்த அழுத்தம் இறங்குவதற்கு மணிக்கணக்காகிறது. கதவிடுக்கு, கூரையிடுக்கு எல்லாம் அதற்குள் சமன் செய்துவிடும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்தால் உறிஞ்சல் குறையுமே என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். குறையும். புயலின் கண் கடந்துபோனதும் காற்று எதிர்த்திசையில் திரும்பும், அப்போது திறந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்? கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுவதும் இதே ரகம். கண்ணாடிக்கு அதனால் வலு வராது. ஷட்டரோ அடிதாங்கும் கண்ணாடியோ வேண்டும். மயாமிப் பக்கத்தில் அப்படிப்பட்ட கண்ணாடியைச் சோதிக்க, ஏறத்தாழ நாலு கிலோ மரச்சட்டத்தைப் பீரங்கி மாதிரிக் குழாயிலிருந்து நொடிக்கு 50 அடி வேகத்தில் அதன்மேல் எய்கிறார்கள். புயலில் பறந்து வருவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கூரைதானே.

கடைசியாக அந்த ஆணி. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே 25,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தரைமட்டமாக்கியது. விழுந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது அசிங்கமான விஷயம்: பல கூரைப் பலகைகளை ஸ்டேப்ளர் ஊசியால் அடித்திருந்தார்கள், அதிலும் நிறைய ஊசிகள் கைமரத்தில் இறங்காமல் பக்கத்தில் வெறும் வெளியில் தொங்கின. புயல் கண்டுபிடிக்கும்வரை யாரும் பார்க்கவில்லை. அதன்பின் விதிகள் இறுகின. 2002 மார்ச்சில் ஃப்ளோரிடா முழுவதற்கும் ஒரே கட்டட விதிநூல் வந்தது. அதன் உயிர் ஒரு சங்கிலி: பலகை கைமரத்தோடு, கைமரம் சுவரோடு, சுவர் தளத்தோடு, தளம் தூணோடு, தூண் மண்ணோடு. கூரையைத் தூக்கும் இழுவை இந்த வழியாக மண்வரை இறங்கிப் போக வேண்டும். எங்கே ஒரு கண்ணி குறைகிறதோ அங்கே வீடு இரண்டாகும்.

ஆகவேதான் காப்பீட்டுக்காரர் அனுப்பும் ஆள் கூரைக்குள் தவழ்ந்து போட்டோ எடுக்கிறார். கைமரம் சுவரோடு சேரும் இடத்தில் சாய்த்து அடித்த ஆணி மட்டுமா, பக்கவாட்டில் உலோகக் கிளிப்பா, கைமரத்தின் தலையைச் சுற்றி மறுபக்கம் இறங்கும் ஸ்ட்ராப்பா? அந்தப் படிவம் கேட்பது இருப்பதிலேயே பலவீனமான இணைப்பு எது என்று. நல்ல கிளிப் இருபது இருந்தாலும் சரி. கிளிப்பைக் கைமரத்தோடு பிடிக்கக் குறைந்தது மூன்று ஆணி வேண்டும். இரண்டு இருந்தால் அது கணக்கில் சேராது, பிரீமியமும் குறையாது. நம் கடற்கரைக் குடிசைகளில் புயல் எச்சரிக்கை வந்ததும் கீற்றின் மேல் பழைய வலையைப் போர்த்தி, கயிற்றை இழுத்து முளைக்குச்சியில் கட்டுகிறார்களே, அதுவும் இந்தச் சங்கிலியே. முளைக்குச்சி மண்ணில் எவ்வளவு ஆழம் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

இதையெல்லாம் முழு அளவு வீட்டை வைத்தே சோதிக்க அவர்களிடம் கூடங்கள் இருக்கின்றன. தெற்குக் கரோலினாவில் ரிச்பர்க்கில் 105 மின்விசிறிகள், காப்பீட்டுக் கம்பெனிகளின் பணத்தில். மயாமிப் பல்கலைக்கழகம் ஒன்றில் 12 ராட்சத விசிறிகள் மணிக்கு 157 மைல் காற்றை வீசும், அரசு நிதி உதவியோடு. சென்னைத் தரமணியில் நமக்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, புயலைத் தாங்கும் சிறு வீடுகளுக்கு 2004-லேயே இந்தியத் தர நிர்ணயம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் கஜா வந்துபோன மாவட்டங்களின் தகரக் கூரையையும் ஆஸ்பெஸ்டாஸையும் கீற்றையும் ஆளுயரத்துக்கு முழுசாக வைத்து ஊதிப் பார்க்க ஒரு கூடம் வேண்டும் என்பது என் தீராத ஆசை. நிவாரணத்துக்குக் கொடுப்பதில் ஒரு துளி போதும். நிவாரணம் கொடுத்தால் போட்டோ வரும், விசிறி வாங்கினால் வராது.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உட்கூரையைப் பலகையால் மூடுவதற்கு முன்பே, மகனை ஒருமுறை டார்ச்சோடு மேலே ஏறி, நாலு மூலைகளிலும் ஸ்ட்ராப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆணியை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். மூன்றுக்குக் குறைந்தால் மதிப்பெண் போட வேண்டாம்.