வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, பாருங்கள்

உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் உளுந்தும் தட்டைப்பயறும் உளுத்துப்போனால் பழி முதலில் சாக்கின் மேல்தான் விழும். "நல்லாத்தான் சார் கட்டி வச்சேன், எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல" என்பார்கள். பெரும்பாலும் காட்டிலிருந்தேதான் வந்திருக்கும். காய் முற்றும்போதே பயறு வண்டு செடியில் முட்டையிட ஆரம்பித்துவிடுகிறது. நாம் அதையும் சேர்த்தே கட்டி வைக்கிறோம்.

ஒரு கைப்பிடிப் பயறை வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால்தான் வரும். புதிதாக இட்ட முட்டைக்கு நிறம் இல்லை, சட்டென்று கண்ணில் படாது. புழு முட்டையின் அடிப்பக்கமாகவே பயறுக்குள் துளைத்து இறங்கும். அந்தத் தூள் முட்டை ஓட்டுக்குள் நிரம்பி வெளுத்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தால் ஆள் உள்ளே போயாச்சு என்று அர்த்தம். சுமார் ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டு வெளியே வரும். வந்த வண்டு பயறைத் தின்பதில்லை. முட்டையிடுவது ஒன்றே அதன் வேலை.

அதனால் அறுவடை முடிந்த கையோடு கவனித்தால்தான் உண்டு. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வையுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். சூட்டோடு சாக்கில் அள்ளினால் உள்ளே வியர்த்துவிடும், ஆற விடுங்கள்.

அடுத்தது எண்ணெய். சமையலுக்கு வைக்கும் பயறு என்றால் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றிக் கையால் பிசறிவிடலாம். முட்டைக்குக் காற்று போகாமல் அடைபடும். ஏற்கெனவே உள்ளே இறங்கிய புழுவை எண்ணெய் அவ்வளவாக ஒன்றும் செய்யாது, தாமதிக்கக் கூடாது என்பது அதனால்தான். விதைக்கு வேப்பெண்ணெய் சரி. வசம்புத் தூளையும் விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தின்கிற பயறில் வேண்டாம். துவரையில் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்து எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பழசு என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. சமையலுக்கானதைச் சீக்கிரமே பருப்பாக உடைத்துவிட்டால் இந்த வண்டின் தொல்லை வெகுவாகக் குறையும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு வண்டுக்கென்றே ஒரு பொறி வடிவமைத்திருக்கிறது. அலைந்து திரியும் வண்டு அதன் துளைகளில் நுழைந்து கீழே விழும், ஏறி வர முடியாது. ஒன்றிரண்டு விழுந்ததுமே பயறை வெயிலில் பரப்பிவிடுங்கள்.

கடையில் யாரோ சொன்னார்கள் என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு மூட்டைக்குள் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. படுக்கிற அறையில் நான்கு மூட்டை உளுந்துக்கு இது தேவையே இல்லை.

பழைய சாக்கில்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் உள்புறத்தை வெளியே திருப்பி உதறி, கொதிநீரில் முக்கியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். தையல் மடிப்புகளில்தான் போன வருஷத்து வண்டு ஒளிந்திருக்கும்.